தம்பிக்கு ஒரு கிட்டார்... டோக்கியோவில் ஏறி இறங்கிய 5 கடைகள்!

``எக்கா, செகப்பு கலர். கொம்பு கூரா இருக்கணும். மேட் இன் ஜப்பான்னு பின்னாடி எழுதியிருக்கணும். மத்ததெல்லாம் உன் இஷ்டம்.''

டோக்கியோ கிளம்புவதற்கு முந்தைய நாள் தம்பி அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் இது. கூடவே ஒரு போட்டோ. இரண்டு பக்கமும் மான் கொம்பு மாதிரி நீண்ட, ரத்தச் சிவப்பில் ஓர் எலெக்ட்ரிக் கிட்டார்.

அவன் கொடுத்த பணம் 35,000 ரூபாய். அன்றைய மாற்று விலையில் சுமார் 60,000 யென். பாளையங்கோட்டையைச் சுற்றியுள்ள கல்யாண மண்டபங்களில் மெல்லிசைக் குழுவோடு நின்று, ஒரு கச்சேரிக்கு 1,200 ரூபாய் வீதம் சேர்த்தது. சில இரவுகளில் அதிலும் பாதிதான் கைக்கு வரும்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. மூன்று வருடங்களுக்கு முன்பு ஆன்லைனில் வாங்கிய மலிவு கிட்டார், ஆவணி மாத ரிசப்ஷன் ஒன்றில் பாட்டின் நடுவே `கொய்ங்' என்று இரைந்துவிட்டு ஊமையாகிப்போனது. குழுத் தலைவர் மேடையில் ஒன்றும் சொல்லவில்லை. வேனில் திரும்பும்போதுதான் சொன்னார். ``கிட்டார் பார்ட்டையும் கீபோர்டுலயே வாசிச்சிரலாம்போல. தை மாசம் வரைக்கும் பாப்போம் தம்பி.''

தை மாதத்துக்கு இன்னும் இரண்டரை மாதங்கள் இருந்தன. எனக்கோ கிட்டாரில் எத்தனை தந்தி என்று எண்ணிப் பார்த்தால்தான் தெரியும்.

தேநீர்த் தண்ணீர் ஊர்

டோக்கியோவில் பெரியம்மா மகள் அக்கா இருப்பது நிஷிகசாயில். இந்தியர்கள் நிறைய வசிக்கும் பகுதி. அங்கிருந்து தோசாய் லைனில் ஓத்தேமாச்சி, அங்கே மாறி மருனோச்சி லைனில் இரண்டாவது நிறுத்தம் ஒச்சானோமிசு. சுரங்க ரயில் என்று ஏறினால், இறங்குவதற்குச் சற்று முன்பு ஒரு நொடி வெளியே தலைகாட்டி காண்டா ஆற்றைக் கடந்து மறுபடி பூமிக்குள் போய்விடுகிறது.

ஒச்சானோமிசு என்றால் தேநீருக்கான தண்ணீர் என்று பொருள். இங்கிருந்த கோயில் ஒன்றின் ஊற்று நீர், அந்தக் காலத்தில் ஷோகன் எனப்படும் ஆட்சியாளருக்குத் தேநீர் போடப் போனதாம். இப்போது ஊற்று இல்லை. பெயர் மட்டும் தங்கிவிட்டது.

ஸ்டேஷனிலிருந்து பாலத்தைக் கடந்தால் மெய்தாய் தோரி என்ற சாலை, சரிவாகக் கீழே இறங்குகிறது. மெய்ஜி பல்கலைக்கழகம் இந்தச் சாலையில்தான் இருக்கிறது. சுற்றிலும் மாணவர் கூட்டம். சாலையின் இரண்டு பக்கமும் கிட்டார்... கிட்டார்... கிட்டார். ரங்கநாதன் தெருவில் புடவைகள் தொங்குவது போல, கண்ணாடிக்குப் பின்னால் தரையிலிருந்து கூரை வரை கிட்டார்கள் தொங்குகின்றன. சில கடைகளில் மாடி மாடியாக ஏற வேண்டும். ஒரு தளம் அக்குஸ்டிக், ஒரு தளம் எலெக்ட்ரிக், ஒரு தளம் பேஸ்.

கூட வந்த அத்தான் பெருமூச்சு விட்டார். ``நீ பாத்துட்டு வாம்மா. நான் காபி குடிச்சிட்டு நிக்கேன்.''

முதல் கடை: சிவப்புக் கிட்டார் இருந்தது!

ஆச்சர்யம் என்னவென்றால், முதல் கடையிலேயே அது இருந்தது. அதே சிவப்பு, அதே கொம்பு. விலை 58,000 யென். எடுத்துவிட்டால் வேலை முடிந்தது.

விற்பனையாளருக்கு நாற்பது வயது இருக்கும். போன் மொழிபெயர்ப்பு செயலி பாதி, அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் பாதி என்று பேசிக்கொண்டோம். பில் போடுவார் என்று பார்த்தால், கேள்வி கேட்டார். யார் வாசிக்கப் போகிறார்? என்ன மாதிரிப் பாட்டு? எதில் செருகி வாசிப்பார்?

மூன்றுக்கும் எனக்குப் பதில் தெரியாது. ஜப்பானில் காலை 11 மணி என்றால் இந்தியாவில் 7.30. வீடியோ கால் போட்டேன். ஐந்தாவது முறைதான் எடுத்தான்.

``ஏல, எந்திரில. கடையில நிக்கேன்.''

தலையணையில் முகம் புதைந்திருந்தவன், திரையில் சிவப்பைப் பார்த்ததும் துள்ளி உட்கார்ந்துவிட்டான். விற்பனையாளரின் கேள்விகளைச் சொன்னேன். கச்சேரியில் பாதி இளையராஜா, பாதி ரஹ்மான், கடைசியில் இரண்டு குத்துப் பாட்டு. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடகர் குழுவோடு கீதங்கள். ஆம்ப் எதுவும் கிடையாது, மேடையில் நேராக மிக்ஸரில்தான் செருகுவான்.

விற்பனையாளர் சிவப்புக் கிட்டாரின் அடிப்பகுதியைக் காட்டினார். அங்கே ஃப்ளாய்டு ரோஸ் என்ற பிரிட்ஜ் இருந்தது. தந்திகளின் இழுவிசையும் பின்பக்கத்து ஸ்பிரிங்குகளின் இழுவிசையும் தராசுபோல சமமாக நிற்கும் அமைப்பு. கம்பியைப் பிடித்து ஆட்டினால் சுருதி பாதாளம் வரை இறங்கி, விட்டதும் பழைய இடத்துக்கு வரும். மெட்டல் இசைக்காரர்களுக்கு உயிர் அது. ஆனால், ஒரு தந்தி அறுந்தால் தராசு சாய்ந்துவிடும். மிச்சமிருக்கும் ஐந்து தந்திகளும் சுருதி விலகும். புதுத் தந்தி மாட்ட ஆலன் கீ வேண்டும், நேரமும் வேண்டும்.

``கல்யாண மேடையில நடுப்பாட்டுல அறுந்தா?'' என்றேன்.

தம்பி பதில் சொல்லவில்லை. ஆவணி மாதம் அவனுக்கு ஞாபகம் வந்திருக்கும்.

இரண்டாவது கடை: அந்த `கொய்ங்' எங்கிருந்து வருகிறது?

சரிவில் இன்னும் கொஞ்சம் இறங்கி, அடுத்த கடை. இங்கே இருந்தவர் இளைஞர். தம்பியின் பழைய கிட்டார் இரைந்த கதையைச் சொன்னதும், ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாடல் கிட்டார் ஒன்றை எடுத்து ஆம்பில் செருகினார்.

எலெக்ட்ரிக் கிட்டாரில் சத்தத்தை உண்டாக்குவது பிக்கப். காந்தமும், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிய மெல்லிய செம்புக் கம்பியும்தான் அது. இரும்புத் தந்தி மேலே அதிரும்போது காந்தப்புலம் அசைந்து, சுருளில் சின்னதாக மின்சாரம் பிறக்கும். ஆம்ப் அதைப் பெரிதாக்குகிறது. பள்ளியில் படித்த ஃபாரடே விதிதான்.

ஒற்றைச் சுருள் இருந்தால் அது சிங்கிள் காயில். ஒலி கண்ணாடி மாதிரித் தெளிவாக, கொஞ்சம் மணி ஓசையோடு வரும். 1950-களில் ஃபெண்டர் கொண்டுவந்த டெலிகாஸ்டர், ஸ்ட்ராட்டோகாஸ்டர் இரண்டும் இந்த வகை. ஆனால், அந்தச் சுருள் தந்தியின் அதிர்வை மட்டும் பிடிப்பதில்லை. பக்கத்து ஒயர், டிரான்ஸ்ஃபார்மர், டிம்மர் விளக்கு என்று சுற்றியிருக்கும் மின்சாரத்தையும் ஆன்டெனா மாதிரி இழுத்துக்கொள்ளும். அதுதான் `கொய்ங்'.

இளைஞர் வாசிக்காமல் சும்மா கிட்டாரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆம்பிலிருந்து மெல்லிய இரைச்சல். நின்ற இடத்திலேயே கால்வாசி திரும்பினார். இரைச்சல் குறைந்தது. மறுபடி பழைய பக்கம் திரும்பினார். கூடியது. மந்திரம்போல இருந்தது.

``எங்க மண்டபத்துல நாலு பக்கமும் சீரியல் லைட்டுக்கா'' என்றான் தம்பி. ``எந்தப் பக்கம் திரும்பி நிக்க?''

இதற்குத் தீர்வு கண்டவர் கிப்சன் நிறுவனத்தின் பொறியாளர் சேத் லவர். 1955-ம் ஆண்டு இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்தார். வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு போய்விடும், தந்தியின் ஒலி மட்டும் கூடும். ஹம்பக்கர் என்று பெயர். ஒலி தடிமனாக, சூடாக, கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கும். ராக், மெட்டலுக்குப் பொருத்தம்.

மூன்றாவது கடை: அழகான கனம்

ஹம்பக்கர் என்றதும் தம்பி அடுத்து கேட்டது லெஸ் பால். 1952-ல் கிப்சன் அறிமுகப்படுத்திய வடிவம். அசல் கிப்சன் எங்கள் பணத்துக்கு எட்டாத உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதே வடிவில் வேறு கம்பெனி தயாரித்த ஒன்று 45,000 யென்னுக்கு இருந்தது.

இப்படிப் பிறர் வடிவத்தில் கிட்டார் செய்வதற்கு ஜப்பானில் ஒரு வரலாறே இருக்கிறது. 1970-களில் இங்கிருந்து போன நகல்கள் அமெரிக்கக் கம்பெனிகளின் தூக்கத்தைக் கெடுத்தன. 1977-ல் கிப்சனின் தாய் நிறுவனமான நார்லின், ஐபனெஸின் அமெரிக்க விநியோகஸ்தர் மீது வழக்கு போட்டது. கிட்டாரின் தலைப்பகுதி வடிவம்தான் பிரச்னை. ஃபெண்டர் வேறு வழியில் போனது. 1982-ல் இரண்டு ஜப்பானிய வணிக நிறுவனங்களோடு கைகோத்து, ஃபெண்டர் ஜப்பான் என்று இங்கேயே தயாரிக்கத் தொடங்கிவிட்டது. அந்தக் காலத்து ஜப்பான் கிட்டார்களைத் தேடி இன்றும் ஆட்கள் இந்தச் சாலைக்கு வருகிறார்கள். தம்பிக்கு `மேட் இன் ஜப்பான்' மோகம் வந்ததும் அப்படித்தான்.

பட்டையை என் தோளில் மாட்டிவிட்டார்கள். நான்கு கிலோவுக்கு மேல். பத்து நிமிடத்தில் தோள்பட்டை வலித்தது. தம்பி மேடையில் நிற்பது நாலு மணி நேரம்.

பிடித்துப் பார்த்ததில் ஒரு நல்லதும் உண்டு. லெஸ் பாலில் தந்தியின் நீளம் சுமார் 628 மில்லி மீட்டர், ஸ்ட்ராட்டில் 648. இரண்டு சென்டி மீட்டர்தான் வித்தியாசம். ஆனால், நீளம் குறைந்தால் தந்தியின் விறைப்பும் குறையும், விரல்களுக்குச் சுலபம். சின்னக் கைகளோடு கற்றுக்கொள்ள வருபவர்கள் இதைக் கவனிக்கலாம்.

நான்காவது கடையில் டெலிகாஸ்டர் ஒன்றைப் பார்த்தோம். சர்ச் கீதங்களுக்கு அவ்வளவு அழகாக இருந்தது. குத்துப் பாட்டுக்குப் போதாது என்றான் தம்பி.

மணி இரண்டு. சரிவின் அடியில் ஜிம்போச்சோ. பழைய புத்தகக் கடைகளுக்குப் பேர்போன இடம், கறி சாதக் கடைகளுக்கும்தான். வெளியே காத்திருந்த அத்தானோடு அங்கே சாப்பிட்டோம். ஜப்பானியக் கறி கொஞ்சம் இனிக்கும். ``பெரியம்மா வச்ச சால்னா இல்ல, ஆனா பரவால்ல'' என்று தட்டைக் காலி செய்தார்.

ஐந்தாவது கடை: கடைசி வரிசையில் ஒன்று

திரும்பி மேலே ஏறும்போது, மாடியில் இருந்த ஒரு செகண்ட் ஹேண்ட் கடைக்குள் நுழைந்தோம். இங்கே இருந்தவர் வயதானவர். தம்பியின் கதையைக் கேட்டுவிட்டு நேராகக் கடைசி வரிசைக்குப் போனார். அவர் எடுத்து வந்தது மங்கலான நீல நிறம். கொம்பு மழுங்கியிருந்தது. யமஹா பசிஃபிகா 112. விலை 29,000 யென். கீழ் விளிம்பில் ஒரு பெயின்ட் பெயர்ப்பு. நான் கேட்பதற்கு முன்பே அதை விரலால் தொட்டுக் காட்டினார்.

அதில் மூன்று பிக்கப். கழுத்துப் பக்கமும் நடுவிலும் சிங்கிள் காயில், பிரிட்ஜ் பக்கம் ஹம்பக்கர். டோன் குமிழை மேலே இழுத்தால் ஹம்பக்கரின் ஒரு சுருள் ஓய்வெடுத்துக்கொண்டு, அதுவும் சிங்கிள் காயில் மாதிரி ஒலிக்கும். சர்ச்சில் தெளிவு, குத்துப் பாட்டில் தடிமன், சீரியல் லைட் மண்டபத்தில் ஹம்பக்கர். எல்லாம் ஒரே கிட்டாரில்.

பெரியவர் ஆம்பில் செருகவே இல்லை. முதலில் வெறுமனே வாசித்தார். ஒவ்வொரு தந்தியையும் முதல் ஃப்ரெட்டிலிருந்து கடைசி வரை ஒவ்வொன்றாக அழுத்தினார். எங்காவது `ஜிர்ர்' என்று உரசுகிறதா என்று காது கொடுத்தார். கிட்டாரைத் துப்பாக்கி மாதிரி கண்ணருகே பிடித்து நெக் நேராக இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு 12-வது ஃப்ரெட்டில் தந்தியை அழுத்தாமல் தொட்டு ஒரு ஸ்வரம், அழுத்தி ஒரு ஸ்வரம். இரண்டும் டியூனரில் ஒரே இடத்தில் நின்றன.

பிறகுதான் ஆம்ப். தம்பி போனிலேயே சொன்னான். ``எக்கா, இளைய நிலா முன்னாடி வருமே, அது மாதிரி ஒண்ணொண்ணா மீட்டச் சொல்லு.'' ரிசப்ஷனில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்கும் பாட்டு அது. பெரியவருக்கு அந்தப் பாட்டு தெரியாது. சைகையில் சொன்னதும் ஏதோ ஒரு மெட்டை தந்தி தந்தியாக மீட்டினார். ஆறு தந்தியும் தனித்தனியாகக் கேட்டது. போனில் தம்பி மூச்சுவிடும் சத்தம் மட்டும் வந்தது.

``நல்லாருக்குக்கா...'' என்றான். உடனே, ``பின்னாடி என்ன எழுதியிருக்கு?''

திருப்பிப் பார்த்தேன். மேட் இன் இந்தோனேசியா.

``ஜப்பான் வரைக்கும் போயிட்டு இந்தோனேசியா கிட்டாரா? குழுவுல சிரிப்பானுவக்கா.''

பெரியவர் யமஹாவின் கதையைச் சொன்னார். 1887-ல் ஹமாமட்சு ஊரில் ஒரு ரீட் ஆர்கனைப் பழுது பார்க்கப் போன டொராகுசு யமஹா தொடங்கியது. கம்பெனி முத்திரையில் இருப்பவை மூன்று சுருதிக் கவைகள். அந்த முத்திரையை அப்படியே கேமராவில் காட்டினேன்.

அப்போது திரையின் ஓரத்தில் காபி டம்ளரோடு அப்பாவின் முகம் எட்டிப் பார்த்தது. கிட்டார் விஷயத்தில் அப்பா இதுவரை சொன்ன ஒரே வார்த்தை, ``அதை வச்சு என்ன செய்யப் போற?''

``ஏல, இது நம்ம வண்டி மார்க்குல்லா?''

எங்கள் வீட்டில் ஓர் ஆர்எக்ஸ் 100 இருந்தது. நானும் தம்பியும் பள்ளிக்குப் போனது அதில்தான். பைக் கம்பெனி 1955-ல் தனியாகப் பிரிந்துவிட்டாலும், முத்திரையில் அதே மூன்று கவைகள்தான். நாங்கள் அதை ஏதோ சக்கரம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

விஷயத்தைக் கேட்ட அப்பா, தம்பி பக்கம் திரும்பினார். ``நம்ம வண்டி மட்டும் ஜப்பான்ல செஞ்சதா? இங்கன எஸ்கார்ட்ஸ்காரன் செஞ்சதுதான. இருபது வருஷம் ஓடலையா? ஓடுதான்னு பாருல. எங்க செஞ்சான்னா பாப்பாங்க?''

தம்பி சிரித்துவிட்டான். ``எடுத்துருக்கா.''

மிச்சப் பணம் எதற்கு?

சுற்றுலாப் பயணி என்பதால் பாஸ்போர்ட் காட்டியதும், நான் போன சமயத்தில் 10 சதவிகித நுகர்வு வரி இல்லாமல் கொடுத்தார்கள். எல்லாக் கடையிலும் இந்தச் சலுகை இல்லை. முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

மிச்சம் 30,000 யென்னுக்கு மேல் கையில். அங்கேயே ஓர் ஆம்பும் வாங்கிவிடலாம் என்று ஆசை வந்தது. பெரியவர் பிளக்கைக் காட்டித் தலையாட்டினார். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், நம் ஊரில் 230. அங்கே வாங்கிய ஆம்பை இங்கே நேராகச் செருகினால் புகைதான் வரும். பெடல் அடாப்டர் வாங்கினாலும் 100-240 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எலெக்ட்ரிக் கிட்டாரை நேராக மிக்ஸரில் செருகினால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் சத்தம் தகரம் மாதிரி மெலிந்துதான் வரும். ஆகவே மிச்சப் பணத்தில் சென்னையில் ஒரு மல்டி எஃபெக்ட்ஸ் பிராசஸரும் நல்ல கேபிளும் வாங்கினோம். ஆம்பின் ஒலியை அதுவே உருவாக்கி மிக்ஸருக்கு அனுப்பிவிடும். 58,000 யென் கிட்டாரை எடுத்திருந்தால் இதற்குப் பணம் இருந்திருக்காது.

முதல் கிட்டார் வாங்கப் போகிறீர்களா?

பாளையங்கோட்டையோ, டோக்கியோவோ... ஐந்து கடை ஏறி இறங்கியதில் நான் குறித்துக்கொண்டவை இவை.

* என்ன பாட்டு வாசிக்கப் போகிறீர்கள் என்று ஐந்து பாடல்களை எழுதிக்கொண்டு போங்கள். மெலடி, ஃபங்க், ப்ளூஸ் என்றால் சிங்கிள் காயில். ராக், மெட்டல் என்றால் ஹம்பக்கர். இரண்டும் கலந்து என்றால், இரண்டும் சேர்ந்த மாடல்.

* ஆம்பில் செருகாமல் முதலில் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். உரசல் சத்தம், வளைந்த நெக் எல்லாம் அப்போதே தெரிந்துவிடும்.

* தந்தி ஃப்ரெட்போர்டிலிருந்து ரொம்ப உயரத்தில் நின்றால் விரல் நுனி புண்ணாகும். பலர் கிட்டாரை மூலையில் சாத்திவைக்கக் காரணம் இதுதான். கடையிலேயே சரிசெய்து தரச் சொல்லுங்கள்.

* மொத்தப் பணத்தையும் கிட்டாரில் போடாதீர்கள். ஆம்ப் அல்லது பிராசஸர், கேபிள், உறை, கூடுதல் தந்தி ஆகியவற்றுக்கும் ஒதுக்குங்கள்.

* பழைய கிட்டார் என்றால் பெயின்ட் கீறல் பிரச்னையில்லை. ஃப்ரெட் தேய்ந்திருக்கிறதா, குமிழ்களைத் திருகினால் கரகரக்கிறதா, கேபிளை ஆட்டினால் சத்தம் விட்டுவிட்டு வருகிறதா என்று பாருங்கள்.

* விமானத்தில் கொண்டுவருவதாக இருந்தால் கேபினா, செக்-இன்னா என்று டிக்கெட் போடும்போதே கேளுங்கள். தந்தியைக் கொஞ்சம் தளர்த்துங்கள். பில் பத்திரம்.

பாளையங்கோட்டை வீட்டில் உறையைத் திறந்ததும், தம்பியைவிட முதலில் தொட்டுப் பார்த்தவர் அப்பாதான். மரவேலையில் ஆர்வமுள்ளவர். விரல் வைத்து அழுத்தும் கறுப்புப் பலகையைத் தடவி, ``இது ஈட்டி மரமாட்டுல இருக்கு'' என்றார். பெட்டியில் இருந்த தாளில் ரோஸ்வுட் என்று போட்டிருந்தது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரத்தைத்தான் உலகம் இந்தியன் ரோஸ்வுட் என்கிறது. இந்தோனேசியாவில் சோனோகெலிங் என்ற பெயரில் வளர்ப்பதும் அதே இனம்தான்.

தை பிறந்து இரண்டாவது முகூர்த்தம். திருநெல்வேலியில் ஒரு ரிசப்ஷன். நான் சென்னையில் ஷிப்டில் இருந்தேன். இரவு பதினொன்றரைக்கு வாட்ஸ்அப்பில் 40 விநாடி வீடியோ வந்தது. மண்டபம் முழுக்க சீரியல் லைட். பாட்டு தொடங்குவதற்கு முன் ஓர் அமைதி. அதில் எந்த இரைச்சலும் இல்லை. பிறகு நீலக் கிட்டார் ஒவ்வொரு தந்தியாக ஒலித்தது.

அடுத்த மெசேஜ்: ``மாசிக்கும் மூணு கச்சேரி சொல்லிட்டாரு. வீடியோ எடுத்தது அப்பா.''